புதுவையில் நான்கு நாள்: ஒரு மகளின் முடிவும் ஒரு குடும்பத்தின் தயக்கமும்

விழுப்புரத்தில் வண்டி மாறி, வயல்களையும் ஏரிகளையும் கடந்து, வில்லியனூர் லூர்து அன்னைக்கு ஓடும் வண்டியிலிருந்தபடியே ஒரு வணக்கம் செலுத்திவிட்டுப் புதுவை ரயிலடியில் இறங்குகிறவரை முதலில் வரவேற்பது திரு இருதய ஆண்டவர் ஆலயமே. 1907ஆம் ஆண்டு எழுந்து, 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட அவ்வாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளில் புனிதர்கள் 28 பேர் காலை வெயிலில் ஒளிர்ந்துகொண்டிருப்பார்கள். எத்தனை அவசரமாயினும் அங்கே ஐந்து நிமிடம் முழந்தாளிடாமல் நான் ஊருக்குள் சென்றதில்லை. 2024 ஆகஸ்டு 14ஆம் நாளும் அப்படியே செய்தேன். ஆனால் அன்று என் மனத்தில் செபத்தைவிடச் சுமையே மிகுந்திருந்தது.

என் தம்பி தொலைபேசியில் அழைத்து, “அண்ணா, ஒருமுறை வந்து போங்கள். நாங்கள் சொன்னால் அவள் கேட்கவில்லை. பெரியப்பா சொன்னால் கேட்பாள்” என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் என்றது பிரான்சில் வாழும் அவனுடைய மகளை. பாரிசுக்கு வடக்கேயுள்ள சார்செல் நகரில் அவள் குடியிருக்கிறாள். புதுவைத் தமிழர் பலர் குடியேறிய ஊர் அது. வயது 38. கணவரும் பள்ளி செல்லும் ஒரு பெண் குழந்தையும் உண்டு. உடல் எடையைக் குறைப்பதற்காக வயிற்றில் அறுவை செய்துகொள்வதென்று அவள் முடிவு செய்திருந்தாள். அதைத் தடுத்து நிறுத்தவே என்னை அழைத்திருந்தார்கள். உண்மையைச் சொல்வதானால், தடுக்கும் எண்ணத்தோடுதான் நானும் வண்டியேறினேன்.

மிஷன் வீதிக்கு மேற்கே, சம்பா கோவில் மணியோசை கேட்கும் தொலைவில் உள்ளது தம்பியின் வீடு. அந்தப் பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1791இல் நிறைவுற்றது. வீடு அத்தனை பழையதில்லையாயினும் திண்ணையும் மரத்தூண்களும் நடுமுற்றமும் கொண்ட பழைய தமிழ் வீடு. முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்ததும், காப்பி வருமுன்பே பேச்சு தொடங்கிவிட்டது.

தம்பிக்கு மரண பயம். அவ்வாண்டு ஏப்ரலில்தான் புதுவை இளைஞர் ஒருவர், சென்னைப் புறநகர் மருத்துவமனையொன்றில் எடை குறைப்பு அறுவைக்காகச் சேர்ந்து உயிரிழந்திருந்தார். ஊர் முழுதும் அதே பேச்சாயிருந்தது. “பக்கத்துச் சென்னையிலேயே இப்படியானால், கடல் தாண்டிப் பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் நான் முகத்தைக்கூடப் பார்க்க முடியுமா அண்ணா?” என்று கேட்டான். அவன் அச்சத்தைப் பேதைமையென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவளுடைய தாய்மாமன் வேறு விதமாகப் பேசினார். “ஆண்டவர் கொடுத்த வயிற்றை வெட்டி எறிவதா? வாயைக் கட்டினால் தீரக்கூடியதற்குக் கத்தி எதற்கு? இது பாவமில்லையா?” என்றார் அவர்.

தாய் ஒன்றும் பேசவில்லை. சமையற்கட்டு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னால் விவிக்கம் சுட்டு, பிரான்சுக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புகிறவள் அவள். வெகுநேரம் கழித்து, “மாமா, நான் சோறு போட்டு வளர்த்தது தப்பென்றுதானே இதற்கு அர்த்தம்?” என்று மட்டும் கேட்டாள். அவளை வாட்டியது அறுவைச் சிகிச்சையன்று, தன்மேல் சுமத்தப்பட்டதாக அவள் எண்ணிய குற்றமே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அன்று மாலை கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். தமிழர் பகுதியையும் பிரெஞ்சுக்காரர் பகுதியையும் முன்னாளில் பிரித்துவைத்த பெரிய வாய்க்காலைக் கடந்தால் வீதிகள் அகன்று அமைதியாகிவிடுகின்றன. மாலை முதல் காலைவரை வாகனங்களுக்கு இடமில்லாத அந்தச் சாலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் உலவிக்கொண்டிருந்தார்கள். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மாண்ட இவ்வூர் வீரர்களின் நினைவுச் சின்னம் அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது. தம்பியின் மாமனாரும் ஒரு சொல்தா. இந்தோசீனாவில் பணியாற்றித் திரும்பியவர். கடலுக்கப்பால் போவதும், போனவரை எண்ணி அழுவதும் இந்த ஊருக்குப் புதியனவல்ல என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்பினேன்.

மறுநாள் ஆகஸ்டு 15. அன்னையின் விண்ணேற்பு விழா, நாட்டின் விடுதலை விழாவும் கூட. தம்பியின் மாமியாருக்கு நெல்லித்தோப்பு பிறந்த ஊர். 87 வயதிலும் விண்ணேற்பு அன்னையின் திருநாள் பூசையைத் தவறவிடாதவர். அனைவரும் அங்கே சென்று திரும்பி, விருந்துண்டு முடித்த பின்னர், பிரான்சிலிருந்து மகள் அழைத்தாள். தொலைபேசித் திரையில் அவள் முகம் தெரிந்தது.

“பெரியப்பா, என்னைத் தடுக்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் என்னுடைய ஒரு நாளைக் கேளுங்கள்” என்றாள்.

அவள் குரலில் கோபமில்லை. 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு 112 கிலோ எடை. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதால் இரவெல்லாம் முகத்தில் கருவி. பள்ளிச் சமையற்கூடத்தில் நின்று வேலை செய்துவிட்டு, வீட்டின் மூன்று மாடிப் படிகளை இரண்டு இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறவேண்டும். ஐந்து முறை கடும் பத்தியம் இருந்து பதினைந்து கிலோ, இருபது கிலோ குறைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் போன எடை திரும்பி வந்து, கூடவே இன்னும் சிலவற்றையும் அழைத்து வந்திருக்கிறது. “பிள்ளை விளையாடக் கூப்பிடுகிறாள் பெரியப்பா. உட்கார்ந்துகொண்டே கைதட்டுகிறேன்” என்றபோது மட்டும் அவள் குரல் உடைந்தது.

வாயைக் கட்டினால் போதாதா என்ற மாமாவின் கேள்வியை நான் கேட்டேன். அவள் மருத்துவர் விளக்கியதைச் சொன்னாள். மிகுந்த பருமனில் உடலானது தன் எடையைத் தானே காத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. உணவைக் குறைத்தால் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுகிறது, உடல் எரிபொருளைச் சிக்கனம் செய்கிறது. அவளுக்குச் செய்ய எண்ணியுள்ள முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கி, எஞ்சியதை ஒரு குழாய் போல ஆக்குகிறார்கள். பசிச் சுரப்பு பெரும்பாலும் தோன்றும் மேற்பகுதியும் அதனோடு நீங்குவதால் பசியே தணிகிறதாம்.

அதன்பின் அவள் செய்ததுதான் என்னை வியக்கவைத்தது. ஒரு குறிப்பேட்டைத் திரைமுன் காட்டினாள். அதில் வீட்டில் ஒவ்வொருவரும் எழுப்பிய மறுப்பைப் பெயரிட்டு எழுதியிருந்தாள். அவற்றையெல்லாம் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கேட்டு, எதிரே விடையும் எழுதி வைத்திருந்தாள். அப்பாவின் கேள்வி: உயிருக்கு ஆபத்துண்டா? விடை: உண்டு. தேர்ந்த நிலையங்களில் அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் உயிரிழப்பு ஆயிரம் பேரில் ஒருவர், இருவர் அளவில் இருக்கும். குருதிப்போக்கு, தையல் கசிவு, இரத்தம் உறைதல் ஆகியவையே முதன்மையான ஆபத்துகள். அம்மாவின் கேள்வி: பிறகு எல்லாரையும் போல உண்ணலாமா? விடை: சிறிது சிறிதாக உண்ணலாம். ஆனால் ஆயுள் முழுதும் உயிர்ச்சத்து மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். நெஞ்செரிச்சல் வரக்கூடும். சிலருக்குச் சில ஆண்டுகளில் எடை ஓரளவு திரும்புவதும் உண்டு. நல்லதை மட்டும் எழுதி, கெட்டதை அவள் மறைக்கவில்லை.

“அப்பா, உங்கள் கேள்வி ஒன்று என்னைக் காப்பாற்றியது” என்றாள் அடுத்து. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். முதலில் அவள் துருக்கி நாட்டுக்குச் சென்று அறுவை செய்துகொள்ளவே எண்ணியிருந்தாளாம். விமானப் பயணம், விடுதி, அறுவை எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம், சில நாளில் திரும்பலாம் என்ற விளம்பரத்தில் மயங்கி முன்பணம் கட்டும் தறுவாயில் இருந்தாள். “திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் உன்னை யார் பார்ப்பார்?” என்று அப்பா கத்தியிருந்தார். கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்விக்கு அவளிடம் விடை இல்லை. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், துருக்கியில் எடை குறைப்புக்காக இரைப்பையில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய ஐரோப்பியர் பலர் பொட்டுலிசம் என்னும் நச்சுநோய்க்கு ஆளாகி, தத்தம் நாட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அங்கும் திறமையான மருத்துவர்கள் உண்டு. எனினும் பின்கவனிப்பில்லாத அறுவை பாதி அறுவையே.

ஆகவே அவள் பிரான்சிலேயே நெடுவழியைத் தேர்ந்தாள். அங்கே இத்தகைய அறுவையை நினைத்தவுடன் செய்துவிட மாட்டார்கள். அறுவை மருத்துவர், சுரப்பியல் மருத்துவர், உணவியலாளர், மனநல மருத்துவர், மயக்க மருத்துவர் அனைவரும் ஆறு மாத அளவுக்குச் சோதித்து, பழக்கி, கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். அரசு மருத்துவக் காப்பீட்டின் முன் இசைவும் வேண்டும். பருமனை இன்று குறைக்கும் ஊசி மருந்துகளும் உண்டே என்று தம்பி கேட்டான். அதையும் அந்தக் குழுவே அவளோடு ஆராயும் என்றாள்.

அன்றிரவு தாய்மாமனோடு திண்ணையில் அமர்ந்து அவருடைய ஐயத்தைப் பேசினேன். உடல் இறைவனின் கொடையென்பதில் நமக்கு ஐயமில்லை. அந்தக் கொடையைப் பேணும் கடமையும் நமக்கே உண்டு. உறுப்பு உடல் முழுமையின் நலத்துக்காக இருப்பது. முழு உடலின் நன்மைக்குத் தேவையானால் ஓர் உறுப்பின் பகுதியை நீக்குவது தகும் என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952ஆம் ஆண்டு மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் தெளிவாக்கியிருக்கிறார். அழகு மோகத்துக்காக உடலைச் சிதைப்பது வேறு, நோய்க்கு மருத்துவம் செய்வது வேறு. ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வொன்று, மிகுந்த பருமனுள்ளோரில் இவ்வறுவை செய்துகொண்டோரிடையே பிற்கால இறப்பு குறைந்ததை 2007இல் வெளியிட்டது. இவற்றைச் சொன்னேன். அவர் உடனே இசையவில்லை. “யோசிக்கிறேன்” என்றார். அதுவே பெரிதென்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்டு 16 புதுவைக்குத் தனிச் சிறப்புள்ள நாள். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தபோதிலும், 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டு 16ஆம் நாளில்தான். இவ்வூர் மக்கள் இந்தியக் குடிமக்களாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்போர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். எத்தனையோ வீடுகளில் அண்ணன் ஒருபுறமும் தம்பி மறுபுறமும் நின்ற காலம் அது.

கொடியேற்றத்துக்காக அரசினர் கீழூர் நினைவிடம் செல்லும் செய்தியைத் தம்பி வாசித்துக்கொண்டிருக்கையில், மூலையில் செபமாலையோடு அமர்ந்திருந்த பாட்டியம்மாள் பேசத் தொடங்கினார்.

“தம்பி, அந்த ஆறு மாதத்தில் என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டார். என் அப்பா வேண்டாம் என்றார். அண்ணன்மார் வேண்டாம் என்றார்கள். வேற்று நாட்டானுக்கா பெண் கொடுத்தோம் என்று திட்டினார்கள். அவர் போய்ப் போட்டுவிட்டு வந்து இதே திண்ணையில் உட்கார்ந்தார். அன்றைக்கு யாரும் அவருக்குச் சோறு போடவில்லை. நானும் போடவில்லை. அவர் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அவரைப் பசியோடு உட்காரவைத்தேனே, அது இன்றும் உறுத்துகிறது.”

யாரும் வாய் திறக்கவில்லை. அவர் செபமாலையை மடியில் வைத்துவிட்டு மகளைப் பார்த்துக் கேட்டார்: “ஆபரேஷன் முடிந்தபிறகு பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது யார்?”

இரண்டு நாளாக அந்த வீட்டில் ‘செய்யலாமா கூடாதா’ என்ற கேள்வியே சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டியம்மாள் கேட்டதோ வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை எங்களில் எவருக்கும் இல்லை. தெளிந்த மனமுள்ள, வயது வந்த நோயாளியின் இசைவை அவரே தரவேண்டும், அவருக்காகத் தாய் தந்த இசைவும் செல்லாது என்று நம் நாட்டு உச்ச நீதிமன்றமே 2008 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் கஞ்சியைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லும் கடமை எங்களுடையதாயிருந்தது.

மகளை மீண்டும் அழைத்தார்கள். இம்முறை தாயே பேசினாள். அறுவைக்குப் பின் முதலில் நீராகாரம், பிறகு மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என ஒரு மாதத்துக்கு மேல் படிப்படியாகச் செல்லவேண்டுமென மகள் விளக்கினாள். “பருப்புத் தண்ணீர் கொடுக்கலாமா? மீன் எலும்பில்லாமல் மசித்துக் கொடுக்கலாமா?” என்று தாய் கேட்டு எழுதிக்கொண்டாள். இடையில் மகள் சொன்னாள்: “அம்மா, உங்கள் சோற்றை நான் குறை சொல்லவில்லை. அது என்னை வளர்த்தது. நோய் வேறு, சோறு வேறு.” அந்த ஒரு சொல்லை அவள் ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை நேர்ந்திராது. அந்த ஒரு கேள்வியை நாங்களும் முன்பே கேட்டிருந்தால் மறுபாதியும் நேர்ந்திராது.

பிரான்சில் 2002 மார்ச் 4ஆம் நாள் சட்டப்படி, நோயாளி தன் நம்பிக்கைக்குரியவர் ஒருவரை எழுத்தில் குறிப்பிடலாம். தான் பேச முடியாத நிலை வந்தால் தன் விருப்பத்தை மருத்துவருக்கு அவர் எடுத்துச் சொல்வார். “அந்தத் தாளில் உங்கள் பெயரை எழுதட்டுமா அம்மா?” என்று மகள் கேட்டாள். தாய் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். தந்தை அன்று போட்ட கையெழுத்தால் பிள்ளைப்பருவத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவள் அவள். மகளின் படுக்கையருகே செல்ல அவளுக்கு விசா தேவையில்லை. எவர் எவர் எதிர்த்தார்களோ அந்தக் கையெழுத்து, அறுபது ஆண்டுக்குப் பின் ஒரு தாயை மகளிடம் கொண்டுசேர்க்கப் போகிறது என்று நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆகஸ்டு 17ஆம் நாள், தடுக்கவந்த நான் தடுக்காமலே வண்டியேறினேன்.

2025 மார்ச்சில் அறுவை நடந்தது. அறுவையறைக்குள் அவள் சென்ற வேளையில் தம்பி சம்பா கோவிலில் இருந்தான். “அந்த மூன்று மணி நேரத்தில் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது அண்ணா” என்றான் பின்னர். தாய் இரண்டு மாதம் உடனிருந்து பார்த்துக்கொண்டாள். நடுவில் வாந்தியும் சோர்வுமாக ஒரு வாரம் மிகவும் துன்பப்பட்டாள் மகள். தலைமுடி கொட்டிற்று. ஏன் செய்துகொண்டோம் என்று அழுத நாளும் உண்டாம். அன்று தாய், “நான் அப்போதே சொன்னேனே” என்று கூறவில்லை. அதைச் சொல்லாதிருந்ததே தன் வாழ்நாளின் பெரிய ஒறுத்தல் என்று அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

அதே ஆண்டு ஆகஸ்டு விடுமுறைக்கு மகள் புதுவை வந்தாள். விண்ணேற்பு விழா விருந்துக்கு நானும் சென்றிருந்தேன். எடை 88 கிலோவாகியிருந்தது. சர்க்கரை மருந்து குறைந்திருந்தது. மாத்திரைப் பெட்டி கைப்பையில் இருந்தது. வாழையிலைகளுக்கிடையே அவளுக்கு மட்டும் தாய் ஒரு சிறு தட்டு வைத்து, இரண்டு கரண்டிச் சோறும் மசித்த மீனும் இட்டாள். அவள் மெல்ல மென்று முடிக்கக் காத்திருந்து, எல்லாரும் சேர்ந்தே எழுந்தோம். தாய்மாமன் தம் கருத்தை இன்னும் முழுதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் அவள் தட்டுக்கு மீன் முள்ளை எடுத்துக் கொடுத்தவர் அவரே. மாலையில் கடற்கரைச் சாலையில் அவள் தன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓட, பாட்டியம்மாள் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசகப் பெருமக்களே, இந்த அறுவையைச் செய்துகொள்ளுங்கள் என்றோ வேண்டாமென்றோ சொல்ல நான் மருத்துவனல்லன். உங்கள் வீட்டிலும் நாளை மகனோ மகளோ இத்தகைய முடிவொன்றைக் கொண்டுவந்து முன்னே வைக்கலாம். முடிவு செய்தவர் மறைக்காமல் சொல்லட்டும். தம் வீட்டாரின் அச்சத்தை எழுதி வைத்துக்கொண்டு விடை தேடட்டும். அந்த அச்சத்துள் உண்மையும் இருக்கக்கூடும். வீட்டார் கேள்வி கேட்கட்டும், எத்தனை வேண்டுமாயினும் கேட்கட்டும். ஆனால் அவரைப் பசியோடு திண்ணையில் உட்காரவைக்க வேண்டாம்.